பெண் என்ற சொல்லை எங்கே வைப்பது?

இணையக் கலைக்களஞ்சியங்களில் நடக்கும் சண்டைகளை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆங்கில விக்கிப்பீடியாவில் பீட்டில்ஸ் குழுவின் பெயருக்கு முன்னால் வரும் ‘தி’ என்ற சொல்லை, வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தில் எழுதுவதா சிறிய எழுத்தில் எழுதுவதா என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2012இல் அந்தச் சண்டை ஓர் அமெரிக்க நாளிதழில் செய்தியாகவே வந்தது. கடைசியில் சிறிய எழுத்து வென்றது. ஒரு ராக் இசைக்குழு ‘இண்டி’யா ‘ஆல்டர்நேட்டிவ்’வா, ‘இசைக்குழு ஆகும்’ என்று எழுதுவதா ‘இசைக்குழுவாக இருந்தது’ என்று எழுதுவதா என்று ஒருவர் மாற்றுவார், இன்னொருவர் மீளமைப்பார், முதலாமவர் மறுபடி வந்து மாற்றுவார். இதற்குத் ‘தொகுப்புப் போர்’ என்று பெயர். ஒரு நாளைக்குள் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும் என்று விதியே உண்டு.

எனக்கும் சிரிப்பு வந்ததுண்டு. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வப்போது எழுதத் தொடங்கிய பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது. ஒன்றைப் பார்த்து ‘இது இன்னது’ என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் அங்கே நடக்கும் சண்டை. அது நமக்குப் பழக்கமான சண்டை. இன்னாருடைய மகள், இன்னார் வீட்டு மருமகள், இன்ன வேலைக்குப் போகிறவள், ஆனாலும் அடக்கமானவள் என்று பிறர் எழுதிய முதல் வாக்கியத்துக்குள் வளர்ந்தவர்கள் நாம். அந்த வாக்கியத்தைத் திருத்தப் போனால் மீளமைக்க ஆள் எப்போதும் தயாராக இருக்கும்.

ஆகவே ஓர் இசைக்குழுவை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் நேர்மையாக எழுத முடியுமா என்று பார்க்கலாம்.

புதுச்சேரியில் குருசுக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் மாதம் ஒருமுறை கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைச் செய்து பார்த்தோம். நாங்கள் எடுத்துக்கொண்டது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். எல்லோருக்கும் தெரிந்த குழு. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை, கானா, ராப், ராக் எல்லாம் கலந்த இசை, பறையும் சட்டியும் கிட்டாரும் ஒரே மேடையில், பத்தொன்பது பேர், பாடகர்களில் ஒருவர் இசைவாணி. இவ்வளவும் செய்திகளில் வந்தவை, இதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆளுக்கொரு தாளில் கலைக்களஞ்சியத்துக்கான முதல் வாக்கியத்தை எழுதச் சொன்னபோதுதான் சண்டை வந்தது.

ஒருத்தி எழுதினாள்: சென்னையைச் சேர்ந்த இண்டி ராக் இசைக்குழு. இன்னொருவர்: தலித் இசைக்குழு. மூன்றாமவர் அதை அடித்துவிட்டு, சாதி எதிர்ப்பு இசைக்குழு என்றார். நான்காவது தாளில் இருந்தது: ஒரே ஒரு பெண்ணைக் கொண்ட பத்தொன்பது பேர் இசைக்குழு.

‘இண்டி’ என்ற சொல்லைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆங்கில உலகில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராதது இண்டி. தமிழில் அதன் பொருள் வேறு: சினிமாவைச் சாராதது. நம்மூரில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்பதால் சினிமாவுக்கு வெளியே எதைப் பாடினாலும் அது இண்டி ஆகிவிடுகிறது. சினிமா இயக்குநர் ஒருவர் உருவாக்கிய குழு எப்படி இண்டி என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு வேறொன்று தோன்றியது. நம் கடற்கரைச் சாலைப் பக்கத்து மதுக்கூடங்களில் சனிக்கிழமை இரவு வாசிக்கிற குழுக்கள் எல்லாம் இண்டிதான். அவற்றில் ஒரு பெண் சேர வேண்டும் என்றால் அவளுக்கு முதலில் வேண்டியது கிட்டார் இல்லை, சொந்தமாக ஒரு ஸ்கூட்டி. இரவு பதினொன்றரைக்கு முத்தியால்பேட்டைக்குத் திரும்பிப்போக வேண்டுமே. எதிலிருந்து சுதந்திரம் என்ற கேள்வியை இசை விமர்சகர்கள் ஒலிப்பதிவு ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

‘தலித் இசைக்குழு’ என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். குழுவின் பெயரிலேயே சாதியற்றவர்கள் என்று இருக்கிறது. அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரசாங்கம் ஒட்டுகிற பெயரை ஏற்காமல் தம் மக்கள் தங்களைச் சாதியற்றவர்கள் என்று பதிந்துகொள்ள வேண்டும் என்று வாதாடியவர் அவர். ஆக, ஒரு பதிவேட்டில் ‘நாங்கள் இன்னார்’ என்று எழுதுவது யார் என்ற சண்டை இந்தக் குழுவின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ‘நாங்கள் சாதியற்றவர்கள்’ என்று சொல்லும் குழுவை முதல் வரியிலேயே ‘தலித் குழு’ என்று எழுதினால், கணக்கெடுப்பு அதிகாரி செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். சபாக்களில் பாடுகிறவர்களைப் பற்றிய கட்டுரையின் முதல் வரியில் யாரும் அவர்கள் சாதியை எழுதுவதில்லை. அவர்களுக்கு ‘கர்நாடக இசைக்கலைஞர்’ போதும்.

ஆனால் சாதியே எழுதாமல் விட்டால்? அப்போது இந்தக் குழு எதற்காக மேடை ஏறியதோ அது காணாமல் போய், ‘பல வகை இசைகளைக் கலக்கும் ஃபியூஷன் குழு’ ஆகிவிடும். அதுவும் நடக்கிறது. சாதியை ஒழிக்கப் பாடுகிறவர்களைச் சாதியின் பெயரால் அழைப்பதும் பொய், சாதியைச் சொல்லாமலே விடுவதும் பொய். மூன்றாவது தாளில் இருந்த ‘சாதி எதிர்ப்பு’ என்ற சொல் இதனால்தான் எங்களுக்குப் பிடித்தது. அவர்கள் யார் என்று சொல்லாமல் எதை எதிர்த்து நிற்கிறார்கள் என்று அது சொல்கிறது.

சாதியற்றவர் என்று பதிந்துகொள்வதற்குப் புதுச்சேரியில் தனியாக ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. விரும்புகிறவர்கள் தங்கள் சமூகத்தின் வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம், புதிதாக ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளலாம். இப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். முன்னோடியாக நின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் பலருக்கு அந்தக் கையெழுத்து ஒரு கதவு. எனக்கு அந்த ஆணையில் உறுத்துவது ஒரு சிறு பகுதி: கணவன் துறந்தால், அவன் மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து புதிய சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். ஒருவன் தன்னைப் பற்றிய விவரணையைத் தானே எழுதிக்கொள்வது எவ்வளவு பெரிய விடுதலை! அவன் எழுதிய அதே வரியில் அவளும் எழுதப்பட்டுவிட்டாள். அவள் பழைய வழக்கத்தில் இருக்க விரும்பினாளா, புதிய பெயர் அவளுக்குப் பிடித்ததா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இனி நான்காவது தாளுக்கு வருகிறேன். ‘ஒரே ஒரு பெண்ணைக் கொண்ட.’

இதை முதலில் எதிர்த்தவள் எங்கள் வட்டத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கிற தோழி. மூன்று பெண்களும் ஒரு பையனும் கொண்ட குழு அவளுடையது. ஒருமுறை ஜூன் 21 இசை நாளில் தெருவோரம் வாசித்தார்கள். மறுநாள் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ‘அசத்திய பெண்கள் இசைக்குழு’ என்று படத்தோடு செய்தி வந்தது.

“டிரம்மர் பையனையே காணாம போக்கிட்டாங்கக்கா” என்றாள். “அவன் பாவம், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தான். நாங்க என்ன வாசிச்சோம்னு ஒரு வரி இல்ல. நாங்க வாசிச்சது ப்ளூஸா ராக்கான்னு எழுதலன்னா பரவாயில்ல. அதான் நாங்க பெண்கள்னு எழுதிட்டாங்களே, அதுவே ஒரு இசை வகை போல!”

அவள் சொன்னதில் ஒரு கோட்பாடே இருக்கிறது. நான்கு ஆண்கள் சேர்ந்தால் அது இசைக்குழு. நான்கு பெண்கள் சேர்ந்தால் அது பெண்கள் இசைக்குழு. பீட்டில்ஸைப் பற்றி யாரும் ‘ஆண்கள் மட்டுமே கொண்ட’ என்று முதல் வரி எழுதுவதில்லை. சிமோன் தெ பொவ்வார் 1949இல் எழுதிய ‘இரண்டாம் பாலினம்’ நூல் முழுக்க இதுதான்: ஆண் என்பவன் அளவுகோல், பெண் என்பவள் அதிலிருந்து விலகிய மற்றது. கலைக்களஞ்சியங்களுக்கு இது புதிதே இல்லை. 1751இல் தொடங்கி திதெரோவும் தலம்பேரும் கொண்டுவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் ‘பெண்’ என்ற தலைப்பின் கீழ் பல கட்டுரைகள் உண்டு. அவற்றில் ஒன்று ஆணை வைத்தே பெண்ணுக்கு இலக்கணம் சொல்லித் தொடங்குகிறது. அறிவொளிக் காலத்தின் மிகப் பெரிய நூல் அது.

இணையக் காலத்துக்கு வந்தும் இது தொடர்ந்தது. 2013 ஏப்ரலில் அமண்டா ஃபிலிபாச்சி என்ற அமெரிக்க நாவலாசிரியர் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒன்றைக் கவனித்தார். ‘அமெரிக்க நாவலாசிரியர்கள்’ என்ற பகுப்பிலிருந்து பெண்களை ஒவ்வொருவராக எடுத்து ‘அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள்’ என்ற துணைப் பகுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் நீண்டுவிட்டது, பிரிக்கிறோம் என்பது காரணம். ‘அமெரிக்க ஆண் நாவலாசிரியர்கள்’ என்று ஒரு பகுப்புக்கு அப்போது யாருக்கும் அவசரம் இல்லை. அவர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகு பெரும் விவாதமாயிற்று. மாற்றியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள்போல ஒழுங்குபடுத்தினார்கள். நெரிசலைக் குறைக்க வேண்டும் என்றபோது யாரை வெளித்திண்ணைக்கு அனுப்பலாம் என்று அவர்கள் கைக்கு யோசிக்காமலே தெரிந்திருந்தது.

ஆக, தோழியின் பக்கம் சேர்ந்து ‘பெண்’ என்ற சொல்லை அடித்துவிடலாமா? திருப்பிப் போட்டுப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. ஆணுக்கு எழுதமாட்டோம் என்றால் பெண்ணுக்கும் எழுத வேண்டாம். நடுநிலை, சுத்தம், எளிமை. எங்களில் பாதிப் பேர் இதற்குச் சம்மதித்தார்கள்.

நான் சம்மதிக்கவில்லை. கானா வடசென்னையின் உழைக்கும் மக்களின் பாட்டு, சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட பாட்டு, பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த பாட்டு. அங்கே ஒரு பெண் மைக்கைப் பிடித்தது ஒரு நிகழ்வு. 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணியைச் சேர்த்ததும் அதனால்தான். ‘பெண்’ என்ற சொல்லை அடித்துவிட்டால் அவர் பத்தொன்பது பேரில் ஒருவர் ஆகிறார், அவர் தாண்டிவந்தது மறைந்துபோகிறது. சமமில்லாத உலகத்தைச் சமமான சொற்களால் எழுதினால் உலகம் சமமாகிவிடாது, எழுத்துதான் பொய்யாகும்.

எனவே சொல்லை வைக்கவா எடுக்கவா என்று கேட்பதை விட்டு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஏனென்றால்’ வருமா என்று கேட்டுப்பார்த்தேன். ‘பெண் நாவலாசிரியர்’, ஏனென்றால்? பட்டியல் நீளம், வேறொன்றும் இல்லை. ‘பெண்கள் இசைக்குழு’, ஏனென்றால்? நிருபருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ‘பத்தொன்பது பேர் குழுவில் ஒரே பெண்’, ஏனென்றால் கானா மேடை பெண்களுக்கு மூடியிருந்தது. இங்கே காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இசைவாணியைப் பற்றியது இல்லை என்பதையும் கவனியுங்கள். அது மேடையைப் பற்றியது. அப்படியென்றால் அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டியது யார்?

தாளை வாங்கி இப்படித் திருத்தினேன்: ‘தொடங்கியபோது இருந்த பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் ஆண்கள்.’

அறை கொஞ்சம் அமைதியானது. அதே கணக்கு, அதே ஆதாரம், ஒரு கழித்தல் மட்டும். சொந்த ஆய்வு கூடாது என்று சொல்லும் விக்கிப்பீடியா விதியேகூட எளிய கூட்டல் கழித்தலை அனுமதிக்கிறது. ஆனால் வாக்கியத்தின் பாரம் இடம் மாறிவிட்டது. ‘ஒரே பெண்’ என்றால் வாசகர் அவரைப் பார்த்து வியக்கிறார், அல்லது சந்தேகப்படுகிறார். ‘பதினெட்டு ஆண்கள்’ என்றால் வாசகர் கானா மேடையைத் திரும்பிப் பார்க்கிறார். இரண்டுமே உண்மை, இரண்டுமே சரிபார்க்கக் கூடியவை. நடுநிலை என்று எல்லோரும் ஏற்றுக்கொள்வது முதலாவதை மட்டும்தான். இரண்டாவதைப் படித்தவுடன் ‘இதில் ஏதோ அரசியல் இருக்கிறதே’ என்பார்கள்.

எங்கள் அறையிலும் ஒருவர் அப்படிச் சொன்னார். அவர் சொன்னதை லேசாகத் தள்ள முடியாது.

“ஏங்க, ஊர்ல எவ்வளவோ பேண்டு இருக்கு. அஞ்சு ஆம்பளைங்க நின்னு இங்கிலீஷ் பாட்டு வாசிக்கறான். அவனை எண்ணிப் பார்த்தீங்களா? சபாவுல மிருதங்கம் வாசிக்கறவங்களை எண்ணிப் பார்த்தீங்களா? சாதிக்கு எதிரா பாட ஒரு குழு வந்ததும்தான் உங்களுக்குக் கணக்கு ஞாபகம் வருதா?”

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் அமைப்பிடம் மட்டும் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, வசதியான இடங்களில் அதே கேள்வியை விழுங்கிவிடும் பெண்ணியம் ஒன்று உண்டு. அதற்குச் சாதி உண்டு. கழித்தல் கணக்கு போடுகிற கை யாருடையது என்பதும் அந்த வாக்கியத்தின் ஒரு பகுதி. டோனா ஹாரவே 1988இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எங்கிருந்தும் பார்க்காத பார்வை என்று ஒன்று கிடையாது, எந்த அறிவும் ஓர் இடத்தில் நின்றுதான் பார்க்கிறது என்று வாதிட்டார். பெண் நிற்கும் இடத்துக்கும் அது பொருந்தும்.

எல்லோருக்கும் எழுதினால்தான் அந்த வாக்கியத்தை இவர்களுக்கும் எழுதலாம் என்பது என் பதில். கடற்கரைச் சாலையில் வாசிக்கும் ஐந்து ஆண்களுக்கும், உலகப் புகழ் பெற்ற நான்கு ஆண்களுக்கும் சேர்த்து. ஆனால் கலைக்களஞ்சியம் ஒரே நாளில் எழுதப்படுவதில்லை. யாராவது ஒருவர் கட்டுரையில்தான் அந்த வரி முதலில் விழும், அந்த முதல் ஆள் மற்றவர்களுக்காகவும் சேர்த்துச் சுமப்பார். அது காஸ்ட்லெஸ் கலெக்டிவாக இருக்க வேண்டாம், பீட்டில்ஸிலிருந்து தொடங்கலாம் என்று முடிவாயிற்று. லிவர்பூலில் 1960இல் தொடங்கிய, ஆண்கள் மட்டுமே கொண்ட ராக் இசைக்குழு. எழுதிப் பாருங்கள், எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது! எத்தனை நிமிடத்தில் மீளமைப்பார்கள் என்று எங்களுக்குள் பந்தயம் வேறு.

சொல்லைப் பற்றிப் பேசும்போது தமிழ் தனியாக ஒரு சிக்கலைத் தருகிறது. இசைவாணி பாடகரா பாடகியா? மரியாதை விகுதியான ‘அர்’ இருபாலுக்கும் பொது என்று இலக்கணம் சொல்லும். எழுத்தாளர், ஆசிரியர், மருத்துவர் எல்லாம் அப்படித்தான். பாட்டும் நடிப்பும் வரும்போது மட்டும் பாடகி, நடிகை என்று பிரிந்துகொள்கிறோம். உடலோடு மேடையில் நிற்கிற தொழில்கள் அவை, அதனால்தானோ என்னவோ. ‘பாடகர்’ என்று எழுதினால் கேட்கிறவர் மனதில் ஆண் வந்துவிடுகிறார் என்பது ஒரு வாதம். எழுத எழுதத்தான் அந்தச் சொல் பொதுவாகும் என்பது மறுவாதம். நான் ‘பாடகர்’ கட்சி. எங்கள் வட்டத்தில் சிறுபான்மை.

இதுவரை பேசியது, ஆதாரம் இருக்கிறது, சொல்தான் சண்டை என்ற நிலை. ஆதாரமே சாய்ந்திருந்தால்?

விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளில் ஒன்று, எழுதுவதெல்லாம் நம்பகமான, ஏற்கெனவே வெளியான மூலத்தில் இருக்க வேண்டும் என்பது. அளவுகோல் உண்மையா என்பதில்லை, சரிபார்க்க முடியுமா என்பதுதான் என்று அந்த விதிப் பக்கம் நெடுங்காலம் தொடங்கியது. கேட்க நியாயமாக இருக்கிறது. நானும் அந்த விதியை மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் தன் மாமாவின் இசைக்குழுதான் உலகிலேயே சிறந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் யாரைப் பற்றி வெளியாகும் என்பதை யார் தீர்மானித்தது? 2018 மே மாதம் டோனா ஸ்டிரிக்லாண்ட் என்ற இயற்பியலாளரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஒரு வரைவு வந்தது. குறிப்பிடத்தக்கவர் என்று காட்டும் மூலங்கள் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. விதிப்படி பார்த்தால் திருப்பியவர் செய்தது தவறில்லை. செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதவில்லை, ஆகவே கலைக்களஞ்சியமும் எழுதவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதுவும் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுதி உயர்த்திய அளவு.

பெண்ணைப் பற்றி மூலங்கள் எழுதும்போதும் எதை எழுதுகின்றன என்று பாருங்கள். காஷ்மீரில் பிரகாஷ் என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. பள்ளி மாணவிகள் மூவர். 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஒரு போட்டியில் வாசித்தார்கள். இணையத்தில் வசைகள் குவிந்தன. 2013 பிப்ரவரியில் தலைமை முஃப்தி அவர்களுக்கு எதிராக ஃபத்வா விடுத்தார், குழு கலைந்தது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் குழுவைப் பற்றி இன்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஃபத்வாவைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதலாம், வசைகளைப் பற்றி எழுதலாம், முதலமைச்சர் என்ன சொன்னார் என்று எழுதலாம். அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று எழுத அநேகமாக ஒன்றும் கிடைக்காது. மூலங்களுக்கு நேர்மையாக இருந்தால் அவர்களைத் தடுத்தவர்களின் வரலாற்றைத்தான் எழுத முடியும்.

இசைவாணிக்கும் இது நேர்ந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றிய சர்ச்சை நடந்த காலத்தில் குழு பாடிய பாட்டு ஒன்றை 2024 நவம்பரில், ஆண்டுகள் பல கழித்து, திடீரென்று எடுத்து வைத்துக்கொண்டு அவர்மேல் புகார் கொடுத்தார்கள், ஆபாசமாகத் திட்டினார்கள், மிரட்டினார்கள். அது ஒரு குழுவின் பாட்டு. வசை முழுக்க ஒருவருக்கு. அந்த ஒரு மாதத்தில் வெளியான செய்திகளின் எண்ணிக்கை, அவர் இசையைப் பற்றி அதுவரை வந்தவற்றோடு போட்டி போடும். மூலங்களின் எண்ணிக்கையை வைத்து இடம் ஒதுக்கினால் ‘சர்ச்சை’ என்ற தலைப்பு அவருடைய வாழ்க்கையில் பாதியைத் தின்றுவிடும். பேச்சுப் பக்கத்தில் யாராவது ஒருத்தி உட்கார்ந்து, இல்லை, திட்டியவர்கள் எத்தனை பேர் என்பது இவர் யார் என்பதற்கு அளவு இல்லை என்று வாதாட வேண்டியிருக்கும். கிண்டலுக்கு ஆளாகும் வேலை அது, ஆனாலும் யாராவது செய்தாக வேண்டும்.

ஒரே மூலம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. துப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுத உட்காரும் எவரும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தொடாமல் முடியாது. அற்புதமான பதிவு. ஆளுநரின் மனைவி ழான் துப்ளேக்ஸைப் பிள்ளைக்குப் பிடிக்காது. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதற்கு அவரைப் பெரிதும் குறை சொல்கிறார். பிள்ளையின் வருத்தத்துக்குக் காரணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பெண் புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் பேசியவர், அரசியல் கடிதங்கள் நடத்தியவர். ஆனாலும் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் கேட்பவர் மனதில் எழுவது பிள்ளையின் கண்ணில் பட்ட பெண்தான். அவர் செல்வாக்குத் தேடியதை நாட்குறிப்பு சூழ்ச்சி என்கிறது. அவர் கணவர் தேடியதை வரலாற்று நூல்கள் ராஜதந்திரம் என்கின்றன.

கடைசியாக, மூலமே இல்லாதவர்கள். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய அறிவு, பாடகர் தீயோடு சேர்ந்து 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டைக் கொண்டுவந்தார். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீயும் வேறொரு பாடகரும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் கேள்வி கேட்டார், பிறகு அறிவை வைத்து ஓர் அட்டை வந்தது. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாட்டு மேடையேறியது. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்று இரு தரப்பும் பொதுவெளியில் அறிக்கை விட்டன. இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வேலை இல்லை. நான் பார்ப்பது வேறொருவரை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த அறிவின் பாட்டி வள்ளியம்மாள். பாட்டின் வேர் அவருடைய வாழ்க்கை என்று அறிவே சொல்லியிருக்கிறார். காணொளியிலும் அவர் இருக்கிறார்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பாட்டைப் பற்றிய கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர், வெளியிட்ட நிறுவனம். ஆண்கள் மோதிக்கொண்டது இந்தக் கட்டங்களுக்காக. வள்ளியம்மாள் போன்ற ஒருவருக்கு அந்தப் பெட்டியில் எந்தக் கட்டம்? ‘உந்துதல்’ என்று எங்காவது ஒரு பத்தியில் வருவார். உந்துதல் என்பது பெண்களுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் பதவி, அதற்கு ராயல்டி கிடையாது. அவர்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாததை எழுதக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப் பாட்டும் கட்டிய பெண்கள் யாரும் எதையும் வெளியிடவில்லை. வெளியிடாததால் மூலம் இல்லை. மூலம் இல்லாததால் அவர்கள் ஆசிரியர் இல்லை, ‘நாட்டுப்புறம்’. மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் அறிவு சார்ந்த அநீதி என்று ஒரு நூலே எழுதினார். நம் கிழவிகளுக்கு அதைப் படித்துக் காட்டினால், இதைச் சொல்லவா இவ்வளவு பெரிய புத்தகம் என்பார்கள்.

வாய்மொழியையே மூலமாக ஏற்கலாமே என்று 2011இல் ஒரு முயற்சி நடந்தது. அச்சல் பிரபாலா என்பவர் முன்னின்று, மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ மொழிகளில் மக்களைப் பேட்டி எடுத்து, அந்த ஒலிப்பதிவுகளையே கட்டுரைகளுக்கு ஆதாரமாக வைத்துக் காட்டினார்கள். விக்கிமீடியா அறக்கட்டளை நிதி கொடுத்தது. நிறைய விவாதம் நடந்தது. பொது விதியாக அது மாறவில்லை.

எங்கள் வட்டம் இப்போது பாகூர் பக்கத்துக் கிராமங்களில் ஒப்பாரி பாடும் பெண்களைச் சந்தித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. முதலில் பேர் கேட்கிறோம், யாரிடம் கற்றார் என்று கேட்கிறோம், எந்த வரி அவரே கட்டியது என்று கேட்கிறோம். இந்த மூன்றாவது கேள்விக்கு ஆரம்பத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இரண்டாம் முறை போகும்போது விரலை மடக்கி எண்ணிக் காட்டுகிறார்கள். அதைச் சிறு நூலாக அச்சிட்டால், அச்சான மூலம் என்று ஒன்று உண்டாகும். அதை நாங்களே கலைக்களஞ்சியத்தில் மேற்கோள் காட்டினால் நலமுரண் என்பார்கள். அதற்கு வேறு யாராவது வர வேண்டும்.